பேப்பர் ஆளு பேசுகிறேன்

ஞாயிற்றுக்கிழமை காட்பாடிக் கூட்டத்தில் நடந்ததை நிறையப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். ராணுவ மென்பொருளுக்கும், சின்னச் சின்னத் துண்டாகச் செய்து காட்டித் திருத்திக்கொண்டே போகிற அஜைல் முறை மட்டும் போதும், இந்த டாக்குமென்ட் மூட்டையைத் தூக்கிப் பாலாற்றில் போடுங்கள் என்று அந்தத் தம்பி சொன்னார், அரங்கமே கைதட்டியது. இரண்டும் வேண்டும் தம்பி என்று நான் எழுந்து ஆரம்பித்ததுமே "சார் பேப்பர் ஆளு" என்று மைக்கிலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். அங்கே சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். பெரிய ராணுவ சிஸ்டம் என்றால், எதை ஸ்பிரின்ட்டில், அதாவது இரண்டு வாரத் துண்டு வேலையாகச் செய்யலாம், எதை எழுதிக் கையெழுத்து வாங்கிப் பூட்டிவைக்க வேண்டும் என்று வேலை தொடங்கும்போதே பிரித்துவிடுங்கள். திரை, வரைபடம், ரிப்போர்ட் எல்லாம் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மாறட்டும். குண்டு எங்கே விழும் என்று கணக்குப் போடுகிற புரோகிராம் கோடும், ஒரு சிஸ்டம் இன்னொரு சிஸ்டத்தோடு பேசுகிற இன்டர்ஃபேஸும் அப்படி மாறக் கூடாது.

எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி முடித்துவிட்டு வரிசையாகச் செய்கிற வாட்டர்ஃபால் முறை மேல் எனக்குப் பாசம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அதனால் அடிபட்டவன் நான். பல வருடங்களுக்கு முன் ஒரு வேலை, பெயர் வேண்டாம். என்னென்ன வேண்டும் என்று நானூறு பக்கத்துக்கு ரிக்வயர்மென்ட், எல்லாப் பக்கத்திலும் கையெழுத்து. மூன்று வருடம் கழித்துத்தான் அதைப் பயன்படுத்தப் போகிற ஹவில்தார் ஒருவர் முதன்முதலாகத் திரையைத் தொட்டார். குளிர்ப் பிரதேசத்துக் கையுறை போட்டிருந்தார். ஒரு பட்டனை அழுத்தினால் பக்கத்துப் பட்டனும் சேர்ந்து அழுந்தியது. கையுறையைக் கழற்றிவிட்டு அழுத்தினார், அப்புறம் என்னைப் பார்த்து, "அங்கே இதைக் கழற்ற முடியாது சாப்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டாவது வாரமே அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதனால் ஸ்பிரின்ட் வேண்டாம் என்று நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்.

இப்போது மறுபக்கம். இன்னொரு வேலை, நல்ல வேகமான டீம், பதினைந்து நாளுக்கு ஒரு டெமோ. பீரங்கிக்காரர்கள் கோணத்தை டிகிரியில் சொல்வதில்லை, மில் என்பார்கள். நேட்டோ வழக்கத்தில் ஒரு வட்டத்துக்கு 6400 மில், சோவியத் வழக்கத்தில் 6000. ஒரு பையன் புரோகிராம் கோடைச் சுத்தம் செய்கிறேன் என்று எல்லாவற்றையும் 6400 ஆக்கிவிட்டான். அவன் பக்கத்து டெஸ்ட் எல்லாம் பாஸ். இன்டர்ஃபேஸ் டாக்குமென்ட்டை யாரும் திறக்கவே இல்லை. சோவியத் கணக்கில் 1500 மில் என்றால் சரியாக 90 டிகிரி. அதே 1500 ஐ 6400 கணக்கில் படித்தால் 84 டிகிரி சொச்சம். 10 கிலோமீட்டர் தூரத்தில் அது கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் தள்ளிப் போகும். அங்கே யார் வீடு இருக்கிறதோ! லேபிலேயே பிடித்தோம். பிடித்தது யார் தெரியுமா? பழைய இன்டர்ஃபேஸ் டாக்குமென்ட்டை வரி வரியாக வைத்துக்கொண்டு டெஸ்ட் எழுதிய ஒரு அம்மா. அவரும் பேப்பர் ஆள்தான்.

அமெரிக்காவே மாறிவிட்டது என்பீர்கள். சரி, மாறியது. 2020 அக்டோபரில் மென்பொருளுக்கென்றே தனிக் கொள்முதல் வழி கொண்டுவந்தார்கள், வருடத்துக்கு ஒரு முறையாவது படையின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்றார்கள். அதற்காக விமானத்துக்குப் பறக்கும் தகுதிச் சான்று வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. ஸ்வீடனின் சாப் நிறுவனம் கிரிப்பன் இ போர் விமானத்தையே அஜைல் முறைகளில் ஒன்றான ஸ்கிரம் வைத்துச் செய்தது. ஆனால் விமானத்தைப் பறக்கவைக்கிற மென்பொருளைப் போர்ப்பணி மென்பொருளிலிருந்து தனியாகப் பிரித்துவைத்தது. பிரித்துவைத்தது என்பதைத்தான் அன்றைக்கு நானும் சொல்ல வந்தேன். விமான மென்பொருளுக்கான டிஓ-178சி என்கிற வழிகாட்டு நெறியும் இந்த முறையில்தான் செய் என்று எங்கேயும் கட்டாயப்படுத்தவில்லை, எந்தத் தேவை எந்தக் கோடில் இருக்கிறது, எந்த டெஸ்ட்டில் சரிபார்த்தாய் என்று காட்டச் சொல்கிறது. அதைக் காட்டப் பேப்பர் வேண்டாமா?

வரும் ஏவுகணையை வானிலேயே தடுக்கிற அமெரிக்காவின் பேட்ரியட்டைச் சொல்வீர்கள், சொல்லுங்கள். 1991 பிப்ரவரி 25, சவூதியின் தஹ்ரான். 100 மணி நேரம் நிறுத்தாமல் ஓடியதில் கடிகாரக் கணக்கு ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு பிசகி, வந்த இராக்கின் ஸ்கட் ஏவுகணையை அங்கிருந்த பேட்ரியட் தடுக்கவே இல்லை. 28 பேர் செத்தார்கள். திருத்தின மென்பொருள் மறுநாள்தான் வந்து சேர்ந்தது. ஒரு நாள்! வேகம் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் அந்தக் கணக்குப் பிழையை இரண்டு வார டெமோ காட்டியிருக்குமா? டெமோ அரை மணி நேரம் ஓடும், இது பல மணி நேரம் ஓடினால்தான் பிதுங்கும். எத்தனை மணி நேரம் தொடர்ந்து ஓட வேண்டும் என்று எவராவது எழுதி, அத்தனை நேரம் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்.

டாக்குமென்ட் எழுதியே பணமும் வருடமும் போகிறதே என்று ஒருவர் கமென்ட் போட்டிருந்தார். போகிறதுதான், யாரும் படிக்காத டாக்குமென்ட்டை நிறுத்துங்கள், அதில் எனக்குச் சண்டையே இல்லை.

எனக்கு வலித்தது அந்தச் சிரிப்பு. என் அப்பா ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் இருந்தவர். லீவில் வரும்போதுகூட, எந்த ரேடியோ செட்டில் எந்த வால்வை என்றைக்கு மாற்றினார் என்று ஒரு நீல அட்டை நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார். ஊரில் என்னப்பா எழுத்து என்று கேட்டால், அடுத்த டியூட்டிக்காரன் இருட்டில் தடவக் கூடாது இல்லையா என்பார். அந்த மாதிரி எழுதியவர்களைப் பார்த்து முந்நூறு பிள்ளைகள் சிரிக்கிற மாதிரி பேசியது தப்பு தம்பி. உங்கள் வயதுக்கு உங்கள் வேகம் சரி, அதை நான் மதிக்கிறேன். நீங்கள் என்னைப் பேச விட்டிருக்க வேண்டும்.

கூட்டம் நடத்தினவர்களுக்கும் ஒன்று. அடுத்த முறை மேடையில் ஒரு டெஸ்டரையும், பீரங்கிப் படையில் இருந்த ஒருவரையும் சேர்த்து உட்காரவையுங்கள். ஆள் தேட வேண்டியதே இல்லை. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே நம் பக்கம் சொல்வார்கள், காட்பாடியிலிருந்து தூரமும் இல்லை. போய்க் கூப்பிட்டால் வருவார்கள், நானே கூட வருகிறேன்.