எக்ஸ் ஃபாக்டரை ஒதுக்கிவிட்டு அயர்ன் மெய்டன் பேச வேண்டாம்

இங்கிலாந்தின் ஹெவி மெட்டல் குழு அயர்ன் மெய்டன் தன் ஐம்பதாம் ஆண்டுக்காகக் கிளம்பிய உலகச் சுற்றுப்பயணத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறது. 1980-ல் வந்த முதல் ஆல்பம் தொடங்கி 1992-ல் வந்த ஃபியர் ஆஃப் தி டார்க் வரை, அந்த ஒன்பது ஆல்பங்களிலிருந்து மட்டும்தான் பாட்டு. கொண்டாட்டத்துக்குப் பழைய காலம் போதும் என்று முடிவு செய்தது அவர்கள் உரிமை. ஆனால் அந்தக் கோடு சரியாகப் பத்தாவது ஆல்பத்துக்கு முன்னால் விழுந்திருக்கிறது. அந்தப் பத்தாவதுதான் தி எக்ஸ் ஃபாக்டர். 1995 அக்டோபர் 2-ல் வெளிவந்தது. ரசிகர்கள் முப்பது வருஷமாகச் செய்துவருவதும் இதேதான்: ஒன்பதில் நிறுத்திவிட்டு நேராக 2000-த்தின் பிரேவ் நியூ வேர்ல்டுக்குத் தாவிவிடுவார்கள். நடுவில் இருப்பதை யாரும் பேசுவதில்லை. நான் இன்று அதைத்தான் பேசப்போகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

தெரியாதவர்களுக்குக் கதைச் சுருக்கம். பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1993-ல் குழுவை விட்டுப் போனார். உல்ஃப்ஸ்பேன் என்ற சின்னக் குழுவில் பாடிக்கொண்டிருந்த பிளேஸ் பேய்லியை அந்த இடத்துக்கு எடுத்தார்கள். அவருடன் இரண்டு ஆல்பம் வந்தது. 1999-ல் அவரை அனுப்பிவிட்டு டிக்கின்சனையும் கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். டிக்கின்சன் திரும்பி வந்ததும் எல்லாருக்கும் மூச்சு வந்தது. இடையில் பாடிய மனிதர் ஒரு விபத்து மாதிரி ஆகிவிட்டார்.

போன மாதம் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடை) உட்கார்ந்திருந்தபோது, மெய்டன் டி-சட்டை போட்ட ஒரு தம்பியிடம் பேச்சு வந்தது. நல்ல பையன், பாஸ் வாசிக்கிறான், பழைய ஆல்பங்கள் அத்தனையும் மனப்பாடம். எக்ஸ் ஃபாக்டர் என்றதும் முகம் மாறிவிட்டது. “அண்ணே, அதெல்லாம் ஸ்கிப் பண்ற ஆல்பம் அண்ணே. அவரால பழைய பாட்டே பாட முடியல, வீடியோல பாருங்க” என்றான். ஆல்பத்தை முழுசாகக் கேட்டிருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை. மேடையில் பழைய பாட்டை அவர் பாடும் வீடியோக்களைப் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான்.

பிளேஸ் மேல் இருக்கும் தீர்ப்பு முழுக்க இப்படித்தான் எழுதப்பட்டது. ஆல்பத்தைக் கேட்டு வந்த தீர்ப்பு கிடையாது. டிக்கின்சனின் தொண்டைக்காக எழுதப்பட்ட பாட்டுகளை, அதே சுருதியில், அரைப் படி கூட இறக்காமல், கனத்த கீழ்க்குரல் கொண்ட ஒருவரை ஊர் ஊராகப் பாட வைத்தார்கள். எந்தத் தொண்டை தாங்கும்? அமெரிக்கப் பயணத்தில் குரல் பிரச்சினையால் நிகழ்ச்சிகளே ரத்தானது. சுருதியைக் கொஞ்சம் இறக்கியிருக்கலாம். உலகத்தில் எத்தனையோ குழுக்கள் அதைச் செய்கின்றன, யாரும் குறைந்துபோகவில்லை. மெய்டன் செய்யவில்லை. பழியை மட்டும் பாடகர் சுமந்தார்.

நம் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரிந்த ஓர் உதாரணம் சொல்கிறேன். எம்.ஜி.ஆர். வாயசைத்தால் டி.எம்.எஸ். குரல்தான் என்று ஊரே பழகியிருந்த காலம். 1969-ல் அடிமைப்பெண் படத்தில் கே.வி. மகாதேவன் எஸ்.பி.பி.யைப் பாட வைத்தார். இளம் குரல், மென்மையான குரல். அந்தக் குரலுக்கு ஏற்ற மெட்டு போட்டார், பாட்டு நின்றது. டி.எம்.எஸ். கணீரென்று பாடியதையெல்லாம் அதே கனத்தில் பாடிக் காட்டு என்று யாரும் எஸ்.பி.பி.யை மேடையில் நிறுத்தித் தேர்வு வைக்கவில்லை. பிளேஸுக்கு நடந்தது அந்தத் தேர்வு. ஸ்டூடியோவில் அவருக்கு நடந்தது மகாதேவன் செய்தது. அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கச் சொல்வதுதான் என் வாதம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஆல்பங்களில் பாடியவர்களில் டிக்கின்சனே இரண்டாவது ஆள்தான். முதல் இரண்டு ஆல்பமும் பாடியவர் பால் டியானோ. 2024 அக்டோபரில் அவர் காலமானபோது எல்லாரும் கண்ணீர் விட்டார்கள், சரிதான். 1981-ல் அவர் போய் டிக்கின்சன் வந்தபோது இந்தக் குழு தன் குரலையே மாற்றிக்கொண்டது, புதுக் குரலுக்கு ஏற்பப் பாட்டு எழுதியது, 1982-ல் தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட் பிறந்தது. அதைச் சாதனை என்கிறோம். 1995-ல் அதே காரியத்தைச் செய்தால் சறுக்கல் என்கிறோம்.

சரி, ஆல்பத்துக்கு வருவோம்.

முதல் பாட்டு சைன் ஆஃப் தி கிராஸ். பதினோரு நிமிஷத்துக்கும் மேல். புதுப் பாடகரை அறிமுகம் செய்யும் எந்தக் குழுவும் வேகமான, சின்னப் பாட்டு ஒன்றை முன்னால் வைக்கும். இவர்கள் மடாலயத்துத் துறவிகள் பாடுவது போன்ற ஒரு குழுப்பாட்டில் தொடங்குகிறார்கள். அது அடங்கியதும் குழுவைத் தொடங்கிய ஸ்டீவ் ஹாரிஸின் பாஸ் மெல்ல நடக்கிறது. பிளேஸ் ஏறக்குறைய முணுமுணுப்பாக உள்ளே வருகிறார். முக்காடு போட்ட பதினோரு பேர் வானத்துக்கு எதிரே நிழலாக நிற்கிறார்கள், அவன் பாவத்தைக் கழுவ வந்தவர்கள். அந்த முணுமுணுப்பில் இருக்கும் அச்சத்தைக் கேளுங்கள். டிரம்ஸ் இடியாக இறங்கும்போதும் அந்தக் குரல் மேலே பறப்பதில்லை, தரையிலேயே நிற்கிறது. பாட்டின் நடுவில் எல்லாம் அமைதியாகி, கீபோர்டு அடியில் பரவி, கிட்டார்கள் ஒவ்வொன்றாக ஏறி, அப்புறம் அந்தக் குதிரை ஓட்டம். அந்த ஏற்றத்துக்கு மெய்டனில் இணையாக எனக்கு இரண்டு மூன்று இடம்தான் தெரியும்.

இதே பாட்டை டிக்கின்சன் 2001 ஜனவரியில் ரியோவில் பாடிய பதிவு இருக்கிறது. நிறையப் பேர் அதுதான் மேல் என்பார்கள். அருமையான பதிவு, மறுக்கவில்லை. கூட்டத்தின் சத்தமே மயிர்க்கூச்செறியும். ஆனால் டிக்கின்சன் பாடும்போது அந்தப் பதினோரு பேரையும் எதிர்த்து வாளெடுத்து நிற்கும் வீரன் தெரிகிறான். பிளேஸ் பாடும்போது விசாரணைக்கு இழுத்துப் போகப்படும் மனிதன் தெரிகிறான். பாட்டு அந்த மனிதனுடையது. அதனால்தான் ஸ்டூடியோ பதிவையே நான் மேலாக வைக்கிறேன். 2018-ல் தொடங்கிய பயணத்திலும் இந்தப் பாட்டையும், பிளேஸ் காலத்தின் இன்னொரு பாட்டான தி கிளான்ஸ்மேனையும் மெய்டன் மேடையில் வைத்தது. ஆல்பம் அவ்வளவு மோசம் என்றால் எதற்கு இருபது வருஷம் கழித்தும் அதிலிருந்து எடுக்கிறார்கள்?

ஹாரிஸின் திருமணம் முறிந்துகொண்டிருந்த காலத்தில் உருவான ஆல்பம் இது. எசெக்ஸில் அவருடைய வீட்டோடு இருந்த பார்ன்யார்ட் ஸ்டூடியோவில், அவரும் நைஜல் கிரீனும் தயாரித்தார்கள். கில்லர்ஸ் முதல் ஃபியர் ஆஃப் தி டார்க் வரை தயாரித்த மார்ட்டின் பர்ச் ஓய்வு பெற்றுவிட்டார். ஒலியில் அந்த வித்தியாசம் தெரியும். வறண்ட ஒலி, பக்கத்து அறையில் வாசிப்பது மாதிரி. பலரும் இதைக் குறையாகச் சொல்வார்கள். பெரும்பாலும் குறைதான். ஆனால் ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார் போன்ற பாட்டுக்கு அந்த வறட்சி பொருந்திப்போகிறது. போரிலிருந்து திரும்பிவந்து தூங்க முடியாமல் தவிக்கும் சிப்பாயின் பாட்டு அது. மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக வேகமெடுத்து, தலைக்குள் ஒரே வரி சுற்றுவது போலச் சுற்றும். தி ஆஃப்டர்மாத்தும் போர் முடிந்தபின் மிஞ்சியது என்ன என்று கேட்கும் பாட்டு. போரைப் பற்றி மெய்டனிடம் எத்தனையோ பாட்டு உண்டு, பாதிக்கு மேல் கொடி பிடித்து ஓடும். இந்த இரண்டும் திரும்பி வந்தவனோடு உட்கார்ந்திருக்கின்றன. இதை உச்சஸ்தாயியில் பாடிப் பாருங்கள், உடனே நாடகமாகிவிடும்.

மேன் ஆன் தி எட்ஜ் மட்டும் வேகப் பாட்டு. பிளேஸும் கிட்டாரிஸ்ட் ஜானிக் கெர்ஸும் சேர்ந்து எழுதியது. போக்குவரத்து நெரிசலில் காரை விட்டு இறங்கி நடந்துபோய் நிலை தவறும் ஒருவனின் கதை, ஃபாலிங் டவுன் படத்திலிருந்து எடுத்தது. மாலை ஆறு மணிக்கு ஃபெடரல் நெடுஞ்சாலையில் நிற்கும் எவருக்கும் அந்த ஆளைத் தெரியும். இங்கிலாந்தில் சிங்கிளாகப் பத்தாவது இடம் வரை போனது.

பிளட் ஆன் தி வேர்ல்ட்ஸ் ஹேண்ட்ஸ், ஹாரிஸ் தனியாக வாசிக்கும் ஒரு நிமிஷ பாஸில் தொடங்கும். அந்தத் தம்பி பாஸ் வாசிப்பவன், அவனுக்கு இதைத்தான் அன்றே ஹெட்போனில் போட்டுக் கொடுத்தேன். தே தாரிக் டீ ஆறிப்போகும் வரை கையை மேசையில் தட்டிக்கொண்டு இருந்தான்.

எனக்கு மிக நெருக்கமான பாட்டு 2 ஏ.எம். வேலை முடிந்து ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்கு வரும் ஒருவன், டிவி முன்னால் தனியாக உட்கார்ந்து, நான் எதற்கு இப்படி இருக்கிறேன் என்று கேட்டுக்கொள்கிறான். அவ்வளவுதான் பாட்டு. தொண்ணூறுகளின் கடைசியில் ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் நான் ஷிப்ட் வேலை பார்த்தேன். கம்பெனி பஸ் ஒவ்வொரு தாமானாக, அதாவது குடியிருப்பாக, ஆட்களை இறக்கிவிட்டுக் கடைசியாகத்தான் எங்கள் ஃபிளாட் பக்கம் வரும். அம்மா சோற்றை மூடி வைத்திருப்பார். விளக்கைப் போட்டால் தம்பி எழுந்துவிடுவான், அதனால் அடுப்படி விளக்கு மட்டும். ரசம் ஆறிப்போய் மேலே எண்ணெய் படிந்திருக்கும். காதில் வாக்மேன். தோட்டத்தை விட்டு வந்து தொழிற்சாலைகளுக்குப் போன நம் குடும்பங்களில் இப்படி ஒரு பையனோ பெண்ணோ இல்லாத வீடு குறைவு. டிராகன், பிசாசு, எகிப்து என்று பாடிக்கொண்டிருந்த ஒரு குழு, வேலை முடிந்து வந்தவனின் அலுப்பை இவ்வளவு நேராகப் பாடியது எனக்குப் பெரிய விஷயம். அந்த அலுப்பு குரலிலேயே இருக்கிறது. பிளேஸ் வேலைக்குப் போன மனிதனைப் போலப் பாடுகிறார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். எழுபது நிமிஷம் அதிகம். லுக் ஃபார் தி ட்ரூத்தை எடுத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பல பாட்டுகள் அமைதியாகத் தொடங்கிப் பிறகு வெடிக்கும் ஒரே அச்சில் வார்த்தவை, தொடர்ந்து கேட்டால் சலிப்பு தட்டும். ஒரே வரியை எட்டுத் தடவை திருப்பிப் பாடுவது ஹாரிஸின் பழக்கம், இதில் அது முற்றிப்போயிருக்கிறது. பதிவு செய்தும் ஆல்பத்தில் சேர்க்காமல் சிங்கிள்களில் போட்ட ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸை உள்ளே வைத்து, மெதுவான ஒன்றை வெளியே விட்டிருந்தால் மூச்சு விட இடம் கிடைத்திருக்கும். அட்டைப் படமும் பழைய வரைபடம் இல்லை, ஹியூ சைம் செய்த உருவ மாதிரியின் படம். குழுவின் சின்னமான எடி என்ற பிண உருவத்தை எந்திரத்தில் கட்டிக் கிழித்துப் போட்டிருப்பார்கள். என் அம்மா அந்தக் கேசட்டைச் சாமி மேடை இருக்கும் அறைக்குள்ளேயே கொண்டுவரக்கூடாது என்றுவிட்டார்.

வெளிவந்த நேரமும் அதற்கு எதிராகத்தான் இருந்தது. ஃபியர் ஆஃப் தி டார்க் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது. இது எட்டோடு நின்றது. அமெரிக்காவில் 147. மெட்டலுக்கே உலகம் முழுக்க இறங்குமுகம். இங்கே மலேசியாவிலும் ரோக் காப்பாக் என்ற மலாய் ராக் அலை ஓய்ந்துவிட்டது. 1992-ல் நீள முடி வைத்த பாடகர்களை அரசுத் தொலைக்காட்சியில் காட்டமாட்டோம் என்று வந்து, அந்த அலையின் பாடகர்கள் அமியும் அவியும் முடி வெட்டிக்கொண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சூழலில் இருட்டான, நீளமான, புதுக் குரலில் வந்த ஓர் ஆல்பத்துக்கு யார் பொறுமையாகக் காது கொடுப்பார்கள்?

நம் ஊரில் மெட்டல் ரசிகனுக்கு நேரில் கேட்கும் வாய்ப்பும் எளிதாக வந்ததில்லை. 2001-ல் மெகாடெத் நிகழ்ச்சி நின்றது, 2013-ல் லேம்ப் ஆஃப் காட் நிகழ்ச்சி நின்றது. 2011 பிப்ரவரியில் மெய்டன் சிங்கப்பூர் வந்தபோது நாங்கள் சில பேர் பஸ் ஏறிப் போனோம். பிரமாதமான ராத்திரி. ஆனால் பிளேஸ் காலப் பாட்டு ஒன்றுகூட இல்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அதைச் சொன்னபோது பாதிப் பேருக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. எனக்கு அது உறுத்தியது, இன்னும் உறுத்துகிறது.

பிளேஸ் அதற்குப் பிறகும் ஓயவில்லை. 2000-த்தில் சிலிக்கான் மெசையா என்று ஒரு தனி ஆல்பம் போட்டார். கனமான, கச்சிதமான ஆல்பம், அவருடைய குரலை எப்படிப் பதிவு செய்ய வேண்டும் என்பதற்கு அதுதான் பாடம். சின்னச் சின்ன அரங்குகளில் பாடிக்கொண்டே இருக்கிறார். 2023-ல் மாரடைப்பு வந்து அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி மேடை ஏறினார். மெய்டனைப் பற்றி அவர் நன்றியோடுதான் பேசுவார்.

கேட்க நினைப்பவர்கள் வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். முதலில் சைன் ஆஃப் தி கிராஸ், அடுத்து 2 ஏ.எம்., அப்புறம் ஃபார்ச்சூன்ஸ் ஆஃப் வார். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் வந்து சண்டை போடுங்கள், பேசலாம். ஏற்கனவே கேட்டவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: கடைசிப் பாட்டு தி அன்பிலீவர். தாளம் ஒரு பக்கம் வெட்டி வெட்டி ஓடுகிறது, குரல் இன்னொரு பக்கம் போகிறது, நடுவில் திடீரென்று மென்மையாகிறது. சில நாள் அது இந்த ஆல்பத்தின் மிகத் துணிச்சலான பாட்டு என்று தோன்றுகிறது, சில நாள் முடிக்கத் தெரியாமல் விட்டது போலத் தோன்றுகிறது. உங்களுக்கு எப்படி?