காதில் பஞ்சு வைத்தால் போதுமா?

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் பந்தயம் பார்க்கக் கிளம்பும் நாகர்கோவில், மார்த்தாண்டம் பையன்களிடம் ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது: “காதில் பஞ்சு போதும், கேட்கக் கேட்கக் காது பழகிவிடும்.” இரண்டுமே தவறு.

பஞ்சு கொஞ்சம்தான் தடுக்கும். 100 டெசிபல் இரைச்சலை வெறுங்காதால் 15 நிமிடத்துக்கு மேல் கேட்பதே ஆபத்து. உட்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. பழகியதாகத் தோன்றினால், கேட்கும் திறன் குறைந்திருக்கலாம்.

மருந்துக்கடையில் நுரை இயர்பிளக் வாங்குங்கள். அதை விரலால் மெல்லிசாகத் திரித்து, மறு கையால் காதுமடலை மேலே, பின்னால் இழுத்துச் செருகி, உள்ளே விரியும் வரை அழுத்திப் பிடியுங்கள். பாதி வெளியே துருத்தி நின்றால் பலனில்லை. சின்னப் பிள்ளைகளா? காதை முழுதாக மூடும் இயர்மஃப்தான் சரி.

ஊர் திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழி வந்த பிறகும் காதுக்குள் ‘கொய்ங்’ என்கிறதா? மறுநாளும் நிற்காவிட்டால் காது மருத்துவரைப் பாருங்கள்.