இ 270: இனிப்புப் பைக்குள் உயிருள்ள கிருமி இல்லை

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "இ 270 என்று அச்சிட்ட இனிப்புகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், மரபணு மாற்றிய மலக்கிருமி அதில் உயிரோடு இருக்கிறது" என்கிறது அது. இது தவறு, தாய்மாரை வீணாகக் கலங்க வைக்கிறது.

இ 270 என்ற உணவுச் சேர்க்கை எண் குறிப்பது லக்டிக் அமிலத்தை. படுவான்கரையிலிருந்து சட்டியில் வரும் எருமைத் தயிரின் புளிப்பும் அதுதான். 1780இல் சுவீடனில் இரசாயனவியலாளர் ஷீலே இதைப் புளித்த பாலிலிருந்தே பிரித்தெடுத்தார்.

உணவில் சேர்க்கும் லக்டிக் அமிலத்தைப் பெரும்பாலும் லக்டிக் பக்டீரியாக்களே சர்க்கரைக் கரைசலைப் புளிக்கவைத்துத் தருகின்றன. குரல் பதிவு மலக்கிருமி என்று சொல்லும் ஈ.கோலை பக்டீரியாவை மாற்றியமைத்து இந்த அமிலத்தை உருவாக்கும் ஆய்வுகளும் உண்மையே. காற்றில்லாத இடத்தில் ஈ.கோலை சர்க்கரையை அசற்றிக், போமிக், சக்சினிக், லக்டிக் அமிலங்களாகவும் எத்தனோலாகவும் பிரித்துவிடும். மற்றப் பாதைகளுக்கான மரபணுக்களை நீக்கிவிட்டால், சர்க்கரையின் பெரும்பகுதி லக்டிக் அமிலமாகவே மாறும். ஆய்வுகூடங்களில் பரவலாகப் பயன்படும் கே-12 என்ற ஈ.கோலை வகை 1922இல் பெறப்பட்டது. அது நோய் உண்டாக்குவதில்லை. இரத்தக் கழிச்சலை உண்டாக்கும் ஓ157 என்ற ஈ.கோலை முற்றிலும் வேறு வகை.

எந்தப் பக்டீரியாவைப் பயன்படுத்தினாலும் வேலை முடிந்ததும் பக்டீரியாக் கலங்களை வடித்து அகற்றி, அமிலத்தைச் சுத்திகரித்துச் செறிவாக்குகிறார்கள். அந்தச் செறிவில் இந்தப் பக்டீரியாக்கள் பிழைக்காது. பிள்ளைகளுக்கு இனிப்பைக் குறைப்பது நல்லதே. அதற்குக் காரணம் சர்க்கரையும் சொத்தைப் பல்லும். உயிருள்ள பக்டீரியாக்கள் கோடிக்கணக்கில் இருப்பது நம் தயிர்ச் சட்டியில்தான், அவையும் தீங்கற்றவை.