ஒரே குழாயில் போட்டி எங்கே?
குடிநீர் வழங்கலைத் தனியார்மயமாக்கச் சொல்லும் கட்டுரையைப் படித்தேன். தனியாரிடம் ஒப்படைத்தால் போட்டியும், போட்டியால் தரமும் வரும் என்கிறார் கட்டுரையாளர். வீட்டுக்கு ஒரே குழாய் வரும் குடிநீரில் யார் யாரோடு போட்டியிடுவது? 1989இல் பிரிட்டன் பிரதமர் தாட்சரின் அரசு இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் 10 குடிநீர் வாரியங்களை, அவற்றின் ஏறத்தாழ 500 கோடி பவுண்டு கடனைத் தள்ளுபடி செய்த பிறகே, பங்குச் சந்தையில் விற்றது. அப்படிக் கடனின்றித் தொடங்கிய நிறுவனங்கள் இன்று 6,000 கோடி பவுண்டுக்கும் மேல் கடன்பட்டிருக்க, இடைப்பட்ட ஆண்டுகளில் பல ஆயிரம் கோடி பவுண்டு பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகப் போனது. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. கழிவுநீரையும் கையாளும் இந்த நிறுவனங்களால் 2023இல் மட்டும் இங்கிலாந்தின் ஆறுகளிலும் கடலிலும், எல்லா வெளியேற்ற இடங்களையும் சேர்த்து 36 லட்சம் மணி நேரம் கழிவுநீர் திறந்துவிடப்பட்டது. அதே பிரிட்டனில் உள்ள ஸ்காட்லாந்து குடிநீரைப் பொதுத்துறையிலேயே வைத்துக்கொண்டதைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை.