சேவியர் ஷ்னாப்ஸும் திருமலைக் கரண்டும்

கிங்டம் கம் டெலிவரன்ஸ் என்ற கொம்பியூட்டர் கேம் விளையாடும் எங்கட பெடியளிடமிருந்து ஓயாமல் வரும் முறைப்பாடு ஒன்றுதான்: "நினைச்ச இடத்தில சேவ் பண்ண ஏலாது." மொட் (ரசிகர்கள் செய்யும் மாற்றக் கோப்பு) போட்டு அந்தக் கட்டுப்பாட்டைத் தூக்கிவிடு என்ற ஆலோசனையும் கூடவே வரும். தயவுசெய்து தூக்காதீர்கள்.

இந்தக் கேமின் பகிடி முழுக்க, நாங்கள் ஆட்டும் கதாநாயகன் ஹென்றியின் அறியாமையில்தான் இருக்கிறது. 1403இல் பொஹீமியாவில் ஒரு கொல்லனின் மகன். அப்பாவுக்கு வரவேண்டிய காசைக் கேட்டு குனெஷ் என்ற குடிகாரனிடம் போனால், பெரும்பாலும் அடி வாங்கித்தான் திரும்புவான். புத்தகத்தைத் திறந்தால் எழுத்துகள் இடம்மாறிக் கிடக்கும். ஊஷிட்ஸ் ஊர் எழுத்தரிடம் படித்த பிறகுதான் சொற்கள் நேராகும். அதே ஊரில் காட்வின் பாதிரியாரோடு இரவிரவாகக் குடித்துவிட்டு, விடிந்ததும் அவருக்குப் பதிலாகப் பிரசங்கம் வைக்க நிற்பான். நிமிடத்துக்கு ஒருக்கால் சேவ் செய்து, பிழைத்தால் பின்னால் போக முடியுமென்றால் இதில் எதற்குச் சிரிப்பு வரும்? பிழையோடு வாழவேண்டும் என்பதால்தான் சிரிக்கிறோம்.

எங்கட ஊர்ச் சிக்கல் வேறு, அது கரண்ட். இரண்டாம் பாகம் 2025 பெப்ரவரி 4, சுதந்திர தினத்தன்று வெளிவந்தது. 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பட்டு நாடே இருண்டது. அப்படிப் போனால் கடைசி சேவுக்குப் பிறகு விளையாடியதெல்லாம் போச்சு.

ஆகவே சேவியர் ஷ்னாப்ஸைக் கையிருப்பில் வையுங்கள்; கேமில் ஹென்றி அதைக் குடித்தால் அந்த இடத்திலேயே சேவ் ஆகும். முதல் பாகத்தில் ஒரு குப்பிக்கு நெட்டில் 1 (காஞ்சோண்டி மாதிரிச் சொறியும் செடி), பெல்லடோனா என்ற செடி 2, அடித் திரவமாக வைன். பெல்லடோனாவை முதலே அரைத்து வையுங்கள். வைனில் நெட்டிலைப் போட்டு, கொதி வந்த பிறகு மணற்கடிகாரத்தை இரண்டு தரம் திருப்பும் நேரம் வேகவிட்டு, அரைத்ததைச் சேர்த்து இன்னும் ஒரு தரம். பலர் பிழைவிடுவது கொதி வருமுன்பே கடிகாரத்தைத் திருப்புவதில்தான். இது சாராயம் என்பதையும் மறக்கவேண்டாம்: அடுத்தடுத்துக் குடித்தால் ஹென்றிக்கு வெறி ஏறும், அந்த நிலையில் வாள் தூக்குவது வீண்.

குப்பி செலவழிக்காமலும் சேவ் ஆகும். சொந்தக் கட்டில், வாடகைக் கட்டில் இரண்டிலும் படுத்தால் போதும். கேமில் வரும் ரத்தாய் ஊரில் மில்காரன் பெஷெக் தரும் கட்டில் இலவசம். அடுத்தவன் கட்டிலில் படுத்தால் நித்திரை மட்டும்தான் மிச்சம்.

யூ.பி.எஸ் (கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் பற்றரியில் ஓடவைக்கும் பெட்டி) உள்ளவர்களுக்கு இன்னும் நல்ல வழி, மெனுவில் உள்ள "சேவ் அண்ட் குவிட்". அந்தச் சேவ் திரும்பத் திறந்ததும் அழிந்துவிடும் என்பதால் கேமின் விதியும் கெடாது. யூ.பி.எஸ் பெட்டியில் 650 விஏ (வோல்ட்-அம்பியர்) என்று போட்டிருப்பது வாட் அல்ல. அநேகமாக 360 வாட் அளவுதான் தாங்கும். கேம் ஓடும்போது கொம்பியூட்டரும் மொனிட்டரும் அதற்குமேல் இழுத்தால், கரண்ட் போன கணமே எல்லாம் நிற்கும். பிரேம் அளவை (விநாடிக்கு எத்தனை படம் என்பதை) 60இலோ 30இலோ கட்டிவிட்டால் கிராபிக்ஸ் கார்ட் இழுப்பது நன்றாகக் குறையும். லேசர் பிரிண்டரை அதில் செருகவே வேண்டாம். எங்கட வெக்கைக்கு பற்றரியும் சீக்கிரம் களைக்கும், அதனால் மாதம் ஒருக்கால் சுவர் பிளக்கைக் கழற்றி எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பாருங்கள். சேவ் செய்து வெளியேற இரண்டு நிமிடம் கிடைத்தாலே தாராளம்.