முதல் துளி எந்தக் கண்ணில்? மனநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை

“முதல் கண்ணீர்த் துளி வலக்கண்ணில் வந்தால் ஆனந்தம், இடக்கண்ணில் வந்தால் துயரம், இது உளவியல் உண்மை” என்ற செய்தி வாட்ஸ்அப்பில் மீண்டும் மீண்டும் சுற்றுகிறது. இது உண்மையல்ல.

மகிழ்ச்சியோ துக்கமோ, மூளைத்தண்டிலிருந்து முகநரம்பு வழியாகக் கட்டளை போவது இரண்டு கண்ணீர்ச் சுரப்பிகளுக்கும்தான். உணர்ச்சியைப் பார்த்துப் பக்கம் பிரித்துவிடும் ஏற்பாடு உடலில் இல்லை. வெங்காயம் நறுக்கும்போது எழும் கந்தக ஆவி கண்ணை உறுத்தி வரவழைக்கும் நீரும் அதே சுரப்பிகளிலிருந்து வருவதுதான்.

பிறகு ஏன் ஒரு கண் முந்திக்கொள்கிறது? கண்ணாடி முன் நின்று, கீழ் இமையை மூக்கோரமாக மெல்ல இழுத்துப் பாருங்கள். குண்டூசி முனையளவில் ஒரு துளை தெரியும். கண்ணீர் அதன் வழியே மூக்குக்குள் இறங்குகிறது. திரையில் அண்ணனும் தங்கையும் பிரியும் காட்சியில் கண்ணோடு மூக்கையும் துடைக்க வேண்டியிருப்பது இதனால்தான். இந்த வடிகால் குறுகலாக உள்ள பக்கம் முதலில் ததும்பிவிடும். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, இமை எப்படி அமைந்திருக்கிறது என்பவையும் இதை மாற்றும்.

இழவு வீட்டில் அழுகிறவரின் எந்தக் கண் முதலில் நனைந்தது என்று பார்த்து, அவர் துக்கம் போலி என்று தீர்ப்பு எழுதுவது கொடுமை. தயவுசெய்து இந்தச் செய்தியைப் பகிராதீர்கள்.

அழாதபோதும் ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிந்துகொண்டே இருந்தால் கண் மருத்துவரிடம் காட்டுங்கள், வடிகால் அடைத்திருக்கலாம்.