தொடர் பல்பு ஷாக்கைத் தடுக்காது

பாத்திரத்தில் பெயர் வெட்டும் கருவியை வீட்டில் செய்யும்போது, மின்சுருளுடன் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துவிட்டால் 230 வோல்ட்டில் நேரடியாக இயக்கலாம், ஷாக் அடிக்காது என்று சிலர் கூறுவது தவறு, ஆபத்தானதும்கூட. சுருள் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகாமல் அந்தப் பல்பு காக்கும், அவ்வளவே. எரியாத நிலையில் அதன் இழையின் மின்தடை சில பத்து ஓம்கள்தான்; மனித உடலின் மின்தடையோ ஆயிரம் ஓம் அளவில் இருப்பதால், கசிவு ஏற்பட்டால் மின்னழுத்தத்தின் பெரும்பகுதி உடலின் மீதே விழும். ஓயாமல் அதிரும் இக்கருவியில், செம்புக் கம்பியின் எனாமல் பூச்சு சுருளுக்கு உள்ளே இருக்கும் இரும்பு உள்ளகத்தின் விளிம்பில் உரசித் தேய்ந்து கசிவு ஏற்படுவது எதிர்பார்க்க வேண்டியதே. மறு கையில் பிடித்திருப்பதோ எவர்சில்வர் பாத்திரம்.

இதற்கு 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரே போதும் (இரண்டு சுருள்களும் தனித்தனியாக உள்ளதாக இருக்க வேண்டும், ஒரே சுருள் கொண்ட ஆட்டோ டிரான்ஸ்பார்மர் கூடாது). 50 ஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் ஊசி பொருத்திய இரும்புத் தகடு நொடிக்கு 100 முறை இழுபடுவதால் ஊசி தானாகவே அதிரும். ஆனால் 230 வோல்ட்டுக்கெனச் சுற்றிய சுருளை அப்படியே மாட்டினால் வலு இருக்காது. தடித்த கம்பியில், குறைந்த சுற்றுகளாகப் புதிதாகச் சுற்ற வேண்டும்.